நைல் கப்பலில் அறை எடுக்கும் முன்...

எகிப்தில் லக்சரிலிருந்து அஸ்வான் வரை கப்பலில் போவதன் பெரிய சுகம், பெட்டியை ஒரே முறை பிரித்தால் போதும் என்பதுதான். தூங்கி எழுந்தால் அடுத்த ஊர். கடல் இல்லை என்பதால் அலைக்குலுக்கலும் தலைசுற்றலும் அநேகமாக இருக்காது.

லக்சரில் ஏறினால் பெரும்பாலும் 4 இரவு, அஸ்வானில் ஏறினால் 3 இரவு. நேரம் இருந்தால் 4 இரவே நல்லது. எட்ஃபூ, கோம் ஓம்போ கோயில்களை அவசரமில்லாமல் பார்க்கலாம். கோம் ஓம்போ கோயில் கரையிலேயே இருக்கிறது, இறங்கி நடந்தே போய்விடலாம். எட்ஃபூவில் குதிரை வண்டியோ ஆட்டோவோ வேண்டும்.

அறை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கீழ்த்தளத்தில், அதுவும் பின்பக்கம் எடுத்தால் இன்ஜின் சத்தம் தூங்க விடாது. மேல்தளத்தில் நடுவில் கேளுங்கள். லக்சரிலிருந்து தெற்கே போகும்போது வலப்பக்கம் மேற்கு. சூரிய அஸ்தமனம் அந்தப் பக்கம்தான். ஆனால் படித்துறையில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். அப்போது எவ்வளவு காசு கொடுத்த ஜன்னலாக இருந்தாலும் பக்கத்துக் கப்பலின் திரைச்சீலைதான் தெரியும்! டீசல் புகையும் உள்ளே வரும், கதவைச் சாத்திவையுங்கள்.

வழியில் எஸ்னா நீர்ப்பூட்டில் (நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துக் கப்பலை ஏற்றி இறக்கும் மதகு அமைப்பு) கப்பல்கள் வரிசையில் நிற்கும். சில நேரம் மணிக்கணக்கில். அதனால் இறங்கும் நாளன்றே விமானம் இருந்தால், காலை விமானம் வேண்டாம்.

கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். இரவில் மேல்தளத்தில் உட்கார ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும்.