பம்ப் நின்றாலும், நிற்காமல் ஓடினாலும் மீன் பிழைக்க: மாடி அக்வாபோனிக்ஸ் செய்முறை

மீன் தொட்டி நீரைப் பம்ப் மூலம் ஜல்லி நிரப்பிய செடித் தொட்டிக்கு ஏற்றி, அது வடிந்து மீண்டும் மீனுக்கே வந்து சேரும்படி அமைப்பதுதான் அக்வாபோனிக்ஸ். இதில் பம்ப் நின்றுபோவது ஓர் ஆபத்து. வடிகுழாய் அடைத்திருக்கும்போது பம்ப் நிற்காமல் ஓடி மீன் தொட்டியைக் காலி செய்துவிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வாங்கி வந்து தொடங்குவோர் பெரும்பாலும் முதலாவதற்கு மட்டுமே தயாராகிறார்கள்.

முதலில், பம்ப்பை மீன் தொட்டியின் அடியில் வைக்காமல், செங்கல் அடுக்கி நீரின் பாதி ஆழத்தில் வையுங்கள். செடித் தொட்டி வழிந்து நீர் மாடியெங்கும் ஓடினாலும், பம்ப்பின் வாய்க்குக் கீழுள்ள நீர் மீனுக்கு மிஞ்சும். பம்ப் வறண்டு ஓடிக் கருகலாம். அதைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். அடியில் தங்கும் கசடை வாரம் ஒருமுறை குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

அடுத்து, ஏற்றும் குழாய் அரை அங்குலம் என்றால் வடிகுழாய் 1 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வேரும் ஜல்லியும் புகாதபடி, துளையிட்ட பெரிய பிவிசி குழாயை அதற்கு உறையாக நிறுத்துங்கள். செடித் தொட்டியின் விளிம்புக்கு 2 அங்குலம் கீழே, மீன் தொட்டிக்கே திரும்பும் இன்னொரு குழாயையும் பொருத்துங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகி வரும் சண்டையை இந்த ஒரு குழாய் தவிர்க்கும்.

மின்சாரம் நின்றால் செடித் தொட்டி நீர் கீழே இறங்கும். 150 லிட்டர் ஜல்லித் தொட்டியில் ஏறத்தாழ 60 லிட்டர் நீர் இருக்கும்; அவ்வளவுக்கும் மீன் தொட்டியில் இடம் விட்டு வைக்க வேண்டும். ஏற்றும் குழாயின் வாய் செடித் தொட்டி நீரில் மூழ்கியிருந்தால், நீர் அதே வழியாகப் பின்னோக்கி உறிஞ்சப்படும்; எனவே வாயை நீர்மட்டத்துக்கு மேலேயே நிறுத்துங்கள்.

மீன் விடுவதற்கு முன், பம்ப்பை அரை மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். பிறகு அதை ஓடவிட்டு, வடிகுழாயைத் துணியால் அடைத்தும் பாருங்கள். இரண்டிலும் ஒரு சொட்டும் தரையில் விழக் கூடாது.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் போர் நீர் உப்பாக இருந்தால், பம்ப்பின் இம்பெல்லரில் (நீரைத் தள்ளும் சுழல் சக்கரத்தில்) படிவம் சேரும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இம்பெல்லரைக் கழற்றி வினிகரில் ஊறவைத்து, நல்ல நீரில் அலசிப் பொருத்துங்கள்.

பேட்டரியில் ஓடும் ஏரேட்டர் (நீருக்குக் காற்றூட்டும் கருவி) ஒன்று கட்டாயம் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நேரத்தில் தீவனத்தையும் நிறுத்திவிடுங்கள். வழிந்துபோன நீருக்கு ஈடாக மெட்ரோ வாட்டரை நேரே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் மீனைக் கொல்லக்கூடும். திறந்த டிரம்மில் ஒரு நாளாவது நிறுத்திவைத்த நீரையே சிறிது சிறிதாகச் சேருங்கள்.