நாக் மாதா திருத்தலம்: போகும் முன் திருத்திக்கொள்ள வேண்டிய தவறுகள்

"நாக் விமான நிலையத்தில் இறங்கினால் நடந்தே கோயிலுக்குப் போய்விடலாமா?" அயர்லாந்துக்கு வரும் நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. முடியாது. மேற்கு அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், 1879-ல் மாதா காட்சி தந்ததாக நம்பப்படும் நாக் மாதா திருத்தலத்துக்கும் அதன் பெயரைத் தாங்கிய விமான நிலையத்துக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர் தூரம். நிலையம் இருப்பது சார்ல்ஸ்டவுன் என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில், ஒரு குன்றின் மேல். டிக்கெட் தேடும்போது 'அயர்லாந்து வெஸ்ட்' என்ற பெயர் வருவதைப் பார்த்து, இது வேறு ஏதோ ஊர் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றுதான். நிலையத்தின் முழுப்பெயர் 'அயர்லாந்து வெஸ்ட் ஏர்போர்ட் நாக்'.

தூரம் தெரியாமல் வருவதால் பெரிய நஷ்டம் இல்லை, ஒரு டாக்சிச் செலவோடு போய்விடும். விசா விஷயம் அப்படியல்ல. லூர்து நகர், பாத்திமா, ரோம் என்று, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் செல்லுகிற ஒரே ஷெங்கன் விசாவில் சுற்றிவிட்டு, அதே விசாவோடு நாக் மாதாவையும் பார்த்துவிடலாம் என்று குடும்பமாகத் திட்டம் போடுகிறார்கள். அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, யூரோதான் செலாவணி. ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் அது இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அயர்லாந்து விசா தனியாக வேண்டும்.

பிரிட்டன் விசா வைத்திருப்பவர்கள் இன்னும் எளிதாக ஏமாறுகிறார்கள். ஒரு நாட்டு விசாவோடு மற்ற நாட்டுக்கும் போக விடுகிற பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம் என்று ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் அது இந்திய, சீனக் குடிமக்களுக்கு மட்டும், அதிலும் குறுகிய காலச் சுற்றுலா விசாவில் அதற்கான குறிப்பு இருந்தால் மட்டும்தான் செல்லும். விசா கொடுத்த நாட்டுக்குள் முதலில் நுழைந்திருக்கவும் வேண்டும். லண்டனில் வேலை விசாவில் இருக்கும் இந்தியருக்கு இது பொருந்தாது. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஈழத்து உறவுகளுக்கும் பொருந்தாது. பிரிட்டன் குடியுரிமை வாங்கியவர்களுக்கு விசாவே தேவையில்லை. ஆகவே ஒரே வீட்டில் அப்பாவுக்கு விசா வேண்டியதில்லை, ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு வேண்டும் என்ற நிலை வரும். நாக் நிலையத்துக்கு வரும் விமானங்களில் பெரும்பாலானவை பிரிட்டன் நகரங்களிலிருந்துதான் என்பதால், இந்தச் சிக்கல் அங்கே மற்ற இடங்களைவிட அதிகம். ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள் என்ற நிலையில் வயதானவர்களை நிறுத்துவது பெரிய கொடுமை.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் எப்படியாவது நாக் நிலையத்திலேயே இறங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். லண்டனில் மாறி வரலாம், ஆனால் அப்போது பிரிட்டன் நாட்டு விதிகளும் சேர்ந்துகொள்ளும். வளைகுடா வழியாக டப்ளினுக்கு வந்துவிட்டு, டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்தில் வெஸ்ட்போர்ட் ரயிலைப் பிடித்து கிளேர்மாரிஸில் இறங்கினால், அங்கிருந்து திருத்தலம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். டாக்சியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். கிராமப்புற ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ மாதிரி வண்டி வரிசையாக நிற்காது. விமான நிலையத்திலிருந்து திருத்தலத்துக்கு கால்வே-டெரி வழித்தடத்து 64-ஆம் எண் பஸ் உண்டு. அது நம் விமான நேரத்துக்காகக் காத்திருக்கும் பஸ் அல்ல. இரவு விமானம் என்றால் வாடகைக் காரோ, சொல்லிவைத்த டாக்சியோ இல்லாமல் இறங்காதீர்கள்.

சரி, போய்ச் சேர்ந்துவிட்டோம். இனி நான் சொல்லப்போகிற தவறுகள் பயணத்தைக் கெடுக்காது, போன காரியத்தைக் கெடுத்துவிடும்.

பஸ்ஸிலிருந்து இறங்குகிற கூட்டத்தில் பலர், இங்கே மாதா என்ன சொன்னார்கள் என்று கேட்கிறார்கள். லூர்திலும் பாத்திமாவிலும் மாதா காட்சியில் சொன்ன செய்தி உண்டு என்பதால் இங்கேயும் ஒன்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். செய்தி இல்லாததால் வழிகாட்டிகள் சிலர் தாங்களாகவே ஏதாவது சொல்லிவைப்பதும் நடக்கிறது. நாக் காட்சியில் யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

1879 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை மாலை. கொட்டும் மழை. பங்குக் கோயிலின் தெற்குப் பக்கச் சுவருக்கு எதிரே நின்ற மக்கள், ஒளிக்கு நடுவே மாதாவையும், இரு பக்கமும் புனித சூசையப்பரையும் நற்செய்தியாளர் புனித யோவானையும் கண்டார்கள். பக்கத்தில் ஒரு பீடம், அதன் மேல் ஆட்டுக்குட்டி, பின்னால் சிலுவை, சுற்றிலும் வானதூதர்கள். மாதா முடி சூடி, கைகளை உயர்த்தி, கண்களை வானத்தை நோக்கி வைத்திருந்தார். சூசையப்பர் தலை தாழ்த்தி மாதாவின் பக்கம் திரும்பியிருந்தார். யோவான் ஆயர் உடையில், ஒரு கையில் புத்தகத்தோடு, போதிப்பவர் போல நின்றார். அவரை யோவான் என்று அடையாளம் சொன்னவர் மேரி பைர்ன். லெக்கான்வி ஊர்க் கோயிலில் அதுபோன்ற சுரூபம் ஒன்றைப் பார்த்திருந்ததால் அவரால் சொல்ல முடிந்தது.

சுமார் இரண்டு மணி நேரம் மழையில் நனைந்தபடியே ஜெபமாலை சொன்னார்கள். பிரிஜெட் டிரென்ச் என்ற மூதாட்டி மாதாவின் பாதத்தைத் தொட்டு முத்தமிடக் குனிந்தார். கையில் எதுவும் தட்டுப்படவில்லை, ஆனால் அந்தச் சுவர் ஓரத்துத் தரை மட்டும் காய்ந்து கிடந்தது என்று பின்னால் சாட்சி சொன்னார். அரை மைல் தள்ளி வயலில் இருந்த பேட்ரிக் வால்ஷ் என்ற விவசாயி, கோயில் பக்கம் பெரிய பொன்னிற ஒளியைக் கண்டதாகச் சொன்னார். ஆள் போய்ச் சொல்லியும் பங்குத்தந்தை பார்த்தலோமியோ கவானா வெளியே வரவில்லை. இந்த விவரத்தைத்தான் சொற்பொழிவுகளில் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. பங்குச் சாமியார் ஏற்பாடு செய்த காட்சி என்று பேசுகிறவர்களுக்கு எதிரே, அவர் அந்த இடத்திலேயே இல்லை என்பதும் பதிவாகியிருக்கிறது.

சிறுவர்கள் மட்டும் பார்த்தார்கள் என்று சொல்வதும் தவறு. அதிகாரபூர்வ சாட்சிகள் 15 பேர். ஐந்து வயது ஜான் கரியிலிருந்து எழுபதைத் தாண்டிய டிரென்ச் வரை எல்லா வயதும் அதில் உண்டு. டுவாம் பேராயர் ஜான் மெக்ஹேல் அதே ஆண்டு விசாரணைக் குழு அமைத்தார். சாட்சியங்கள் மொத்தத்தில் நம்பத் தகுந்தவை, திருப்தி தருபவை என்று குழு முடிவு சொன்னது. 1936-ல் இரண்டாவது விசாரணை நடந்தபோது, முதுமையில் படுக்கையில் இருந்த மேரி பைர்ன் தான் முதலில் சொன்னதையே உறுதிப்படுத்தினார். இதையெல்லாம் நம்பியே ஆக வேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, இது தனி வெளிப்பாடு என்ற வகையில் வருவது. அதனால் கூட வரும் நண்பர் சந்தேகம் கேட்டால் சண்டைக்குப் போக வேண்டாம். சாட்சியங்களைப் படிக்கக் கொடுங்கள்.

அந்த ஆண்டை மறந்துவிட்டு காட்சியை மட்டும் பேசுவது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது. 1879-ல் மேயோவில் விளைச்சல் பொய்த்தது. குத்தகை கட்ட முடியாத குடும்பங்களை நிலச்சுவான்தார்கள் வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். பெரும் பஞ்சம் வந்துபோய் முப்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன, பார்த்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். குத்தகை விவசாயிகளுக்காகப் போராடிய மைக்கேல் டாவிட்டின் முயற்சியில் மேயோ நிலச் சங்கம் காசில்பாரில் தொடங்கியது ஆகஸ்ட் 16-ஆம் தேதி. ஐந்து நாள் கழித்து, அதே மாவட்டத்தின் ஏழைப் பங்கு ஒன்றில் இந்தக் காட்சி. நிலமும் இல்லாமல் குரலும் இல்லாமல் நின்ற மக்களிடம் மாதா பேசாமல் நின்றார், அவர்களும் கூடவே நின்றார்கள். நாக் திருத்தலத்தை நான் புரிந்துகொள்வது இப்படித்தான்.

அதனால்தான் சொல்கிறேன், நாக் மாதாவை அரை மணி நேரத்தில் முடிக்காதீர்கள். டூர் வண்டிகள் பெரிய பேராலயத்தின் முன்னால் போட்டோ எடுக்க விட்டு, மெழுகுவர்த்தி, தீர்த்த பாட்டில் வாங்க விட்டு ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. பலர் அந்தப் பெரிய பேராலயத்தையே காட்சி நடந்த இடம் என்று நினைத்து ஜெபித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அது 1976-ல் கட்டியது. காட்சி நடந்தது பழைய பங்குக் கோயிலின் சுவரில். இன்று அந்தச் சுவரை ஒட்டிக் கண்ணாடி பதித்த காட்சிச் சிற்றாலயம் இருக்கிறது, உள்ளே வெள்ளைப் பளிங்குச் சுரூபங்கள் காட்சியில் நின்ற அதே வரிசையில் நிற்கின்றன. போய் உட்காருங்கள். சத்தமாகப் பாட்டு, செல்ஃபி, வீடியோ அழைப்பில் ஊருக்குக் காட்டுவது எல்லாம் வெளியே வைத்துக்கொள்ளலாம்.

தீர்த்தம் பற்றியும் ஒரு வார்த்தை. லூர்து போல இங்கே ஊற்று எதுவும் தோன்றவில்லை. குழாயில் பிடிப்பது மந்திரித்த தண்ணீர். பக்தியோடு கொண்டுபோங்கள், காட்சியில் பிறந்த ஊற்றுநீர் என்று சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆரம்ப நாட்களில் திருப்பயணிகள் சுவரின் காரையைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போய், சுவரையே காப்பாற்ற வேண்டிய நிலை வந்தது. அந்த ஆசை இன்றும் சிலருக்கு இருக்கிறது. வேண்டாம்.

விமான நிலையத்தைப் பற்றிய தவறான எண்ணம் வேறு மாதிரி. பக்தர்களுக்காகச் சாமியார் கட்டிய ஆடம்பரம் என்று அன்றைக்கே பேசினார்கள், இன்றைக்கும் பேசுகிறார்கள். 1967 முதல் நாக் பங்குத்தந்தையாக இருந்த மான்சினியோர் ஜேம்ஸ் ஹோரன் மேயோக்காரர். ஊர் ஊராக இளைஞர்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்க் காலியாவதைப் பார்த்தவர். 1979-ல் காட்சியின் நூற்றாண்டுக்குத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வந்தபின், பெரிய விமானம் இறங்குகிற ஓடுதளம் இந்தப் பகுதிக்கு வேண்டும் என்று இறங்கினார். பனியும் சேறும் நிறைந்த மேடு என்று கேலி செய்தார்கள். முதலில் பணம் கொடுத்த அரசு மாறியது, அடுத்து வந்த அரசு பாதியில் பணத்தை நிறுத்தியது. பரிசுச் சீட்டு நடத்தியும், கடல் கடந்த ஐரிஷ் மக்களிடம் கேட்டும் மீதியைத் திரட்டினார். 1985 அக்டோபர் 25-ல் மூன்று விமானங்கள் ரோமுக்குப் பறந்தன. 1986 மே 30-ல் முறையான திறப்பு விழா. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 1-ல், லூர்து யாத்திரையில் ஹோரன் இறந்தார். அவர் உடல் வந்து இறங்கியது அந்த ஓடுதளத்தில்தான்.

இன்று ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பயன்படுத்துகிறார்கள். இதில் திருப்பயணிகள் ஒரு பகுதிதான். மற்றவர்கள் இங்கிலாந்தில் வேலை செய்யும் பிள்ளைகள், கிறிஸ்துமஸுக்கும் அம்மாவின் அடக்கத்துக்கும் வீடு திரும்புகிறவர்கள். ஹோரன் மனதில் வைத்திருந்தவர்களும் இவர்களே.

சரி, தேதி விஷயம். ஆகஸ்ட் 14 முதல் 22 வரை நவநாள். அந்த நாட்களின் கூட்டமும் ஜெபமும் வேண்டும் என்றால் அப்போது போங்கள், ஆனால் தங்குமிடத்தை மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிட வேண்டும். ஊரில் கிடைக்காவிட்டால் கிளேர்மாரிஸ், கில்டிமா, பாலிஹானிஸ் பக்கம் தேடலாம். அமைதி வேண்டும் என்றால் மே, ஜூன், செப்டம்பர். எந்த மாதம் போனாலும் மழைக்கோட்டு கட்டாயம், குடை மேயோக் காற்றுக்கு நிற்காது.

திரும்பும் நாளில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். நிலையம் சுமார் 200 மீட்டர் உயரத்துக் குன்றில் இருப்பதால் மூடுபனியில் விமானம் தாமதமாகலாம், வேறு ஊருக்குத் திருப்பியும் விடலாம். சிறிய நிலையம் என்பதால் ஒரு விமானம் தவறினால் அதே நகருக்கு அடுத்தது மறுநாளாகவும் இருக்கலாம். ஆகவே நாக் நிலையத்திலிருந்து லண்டன் போய் அன்றைக்கே சென்னை விமானத்தைப் பிடிப்பதாகத் தனித்தனி டிக்கெட் எடுக்காதீர்கள், நடுவில் ஓர் இரவு விடுங்கள். பல ஆண்டுகளாக இந்த நிலையத்தில் புறப்படும் பயணிகளிடம் டிக்கெட்டில் சேராத வளர்ச்சிக் கட்டணம் ஒன்றைத் தனியாக வாங்கி வந்தார்கள். நீங்கள் போகும் நேரத்தில் அது உண்டா, எவ்வளவு என்பதை நிலையத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.