ஒற்றை 813 வால்வில் 40 மீட்டர் லீனியர்: 250 வாட் ஆம்ப்ளிஃபயர் கட்டும் முறை

813 வால்வை ஆர்.சி.ஏ. நிறுவனம் 1930களின் இறுதியில் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்களில் பறந்த ஏ.ஆர்.டி.-13 டிரான்ஸ்மிட்டரின் கடைசி நிலையில் இருந்தது இதே வால்வுதான். போர் முடிந்ததும் உபரிச் சரக்காக உலகமெங்கும் பரவியதால் ஹாம்களின் (அமெச்சூர் ரேடியோக்காரர்களின்) கைக்கு எளிதாக வந்தது. ரஷ்யாவின் ஜியூ-13, சீனாவின் எஃப்யூ-13, பிரிட்டிஷ் ராணுவத்தின் சி.வி.26 எல்லாம் இதற்கு இணையானவை. இன்றைக்கும் கிடைக்கிறது, சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்கிறது, காற்றை ஊதித் தள்ளும் பெரிய புளோவரும் கேட்பதில்லை. முதல் லீனியருக்கு (டிரான்ஸ்மிட்டரின் பவரைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு) இதைவிட நல்ல வால்வு சொல்வது கடினம்.

இங்கே சொல்லப்போவது 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) 2000 வோல்ட், 200 மில்லியாம்பில் ஓடும் ஒற்றை 813. உள்ளே போவது 400 வாட் டி.சி., ஆண்டெனாவுக்குக் கிடைப்பது சுமார் 250 வாட். இந்தியாவில் ஜெனரல் கிரேடு உரிமத்தின் வரம்பு 400 வாட், ரெஸ்டிரிக்டட் கிரேடுக்கு 50 வாட்தான். அதனால் உரிமத்தைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உங்கள் ரிக் (டிரான்ஸ்சீவர்) 40 வாட் தருவதாக இருந்தால் 8 டெசிபல் லாபம், அதாவது எதிர்முனை எஸ்-மீட்டரில் (சிக்னலின் வலிமையைக் காட்டும் மீட்டரில்) ஒரு புள்ளிக்குச் சற்று மேல். ஏற்கெனவே 100 வாட் ரிக் இருந்தால் லாபம் 4 டெசிபல் மட்டுமே. அந்தப் பணத்தை ஆண்டெனாவின் உயரத்தில் போடுவது நல்லது.

உயிருக்கு முதலிடம்

இந்தப் பெட்டியில் உள்ள மின்சாரம் ஷாக் அடித்து விட்டுவிடும் வகை அல்ல. ஃபில்டர் கண்டென்சர்களில் மட்டும் 80 ஜூல் நிற்கும், ஒரே தொடுதலில் ஆளைக் கொல்ல அது போதும். ஒரு மீட்டர் நீள ஃபைபர் அல்லது காய்ந்த மரக் கம்பின் நுனியில் செம்புக் கொக்கி மாட்டி, கொக்கியிலிருந்து தடித்த கம்பியை ஷாஸிக்கு (பெட்டியின் உலோகச் சட்டத்துக்கு)க் கொண்டுபோய் போல்ட் போட்டு முடுக்குங்கள். பெட்டியைத் திறக்கும்முன் முதலில் மெயின்ஸ் பிளக்கைச் சுவரிலிருந்து உருவவும். மீட்டர் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்கவும். பிறகு கொக்கியை ஹெச்.டி. (உயர் வோல்டேஜ்) லைனில் வைத்து, வேலை முடியும்வரை அங்கேயே தொங்கவிடவும். மூடியைத் தூக்கினால் மெயின்ஸ் துண்டிக்கும் மைக்ரோ ஸ்விட்ச் கட்டாயம். சாதாரண மல்டிமீட்டரின் புரோபை 2000 வோல்ட்டில் வைக்கக் கூடாது, உள்ளேயே தீப்பொறி பாய்ந்து கைக்கு வந்துவிடும். துணைக்கு இன்னொருவர் இல்லாதபோது ஹெச்.டி.யில் சோதனை வேண்டாம்.

பவர் சப்ளை

தேவை: 1500 வோல்ட் செகண்டரி, 350 வி.ஏ.க்குக் குறையாத டிரான்ஸ்ஃபார்மர். எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) பேச்சுக்கு இந்த அளவு தாங்கும், தொடர்ந்து டிஜிட்டல் மோடு ஓட்டுவதானால் 600 வி.ஏ. கேளுங்கள். சுற்றிக் கொடுப்பவரிடம் அடுக்குக்கு அடுக்கு தாள் இன்சுலேஷன், பிரைமரி–செகண்டரிக்கு நடுவே தடித்த இன்சுலேஷன், முடிந்ததும் வார்னிஷில் முக்கி உலர்த்துதல் என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்ஃபார்மர் மலிவாகக் கிடைக்கிறதே என்று கை போகும். அதன் செகண்டரி 2000 வோல்ட்டுக்குமேல், பிரிட்ஜில் போட்டால் 2900 வரை ஏறும். போதாக்குறைக்கு ஒரு முனை இரும்போடு பற்றவைக்கப்பட்டிருக்கும். இந்த வேலைக்கு அது வேண்டாம்.

பிரிட்ஜின் ஒவ்வொரு கைக்கும் 1என்5408 டயோடு ஐந்தைத் தொடராகப் போட்டால் மொத்தம் இருபது. ஃபில்டருக்கு 220 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் எலெக்ட்ரோலிட்டிக் ஆறு தொடராக. கிடைப்பது சுமார் 37 மைக்ரோஃபாரட், தாங்குவது 2700 வோல்ட். லோடு இல்லாதபோது 2120 வோல்ட் நிற்கும் என்பதால் ஒவ்வொன்றின்மேலும் 353 வோல்ட் விழும். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 47 கிலோஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர். இது இரண்டு வேலை செய்கிறது: வோல்டேஜைச் சமமாகப் பங்கிடுகிறது, அணைத்தபின் நாற்பது விநாடியில் 50 வோல்ட்டுக்குக் கீழே இறக்குகிறது. ரெசிஸ்டருக்கு 2.7 வாட் சூடு வரும், அதனால் கண்டென்சரை ஒட்டி வைக்காதீர்கள். ஒரே பேட்சில் வந்த புதிய கண்டென்சர்களாக வாங்குங்கள். பழையதும் புதியதும் கலந்தால் லீக்கேஜ் மாறுபட்டு ஒன்றின்மேல் அதிக வோல்டேஜ் ஏறி வெடிக்கும். கண்டென்சரின் அலுமினியக் கூடு நெகட்டிவோடு சேர்ந்திருப்பதால் மேல்வரிசையின் கூடுகள் 1700 வோல்ட்டில் நிற்கும். பேக்கலைட் தகட்டில் இடைவெளி விட்டுப் பொருத்தவும்.

பிரைமரியில் 33 ஓம், 50 வாட் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து, மூன்று விநாடி கழித்து ரிலே அதை ஷார்ட் செய்யட்டும். இது இல்லாவிட்டால் காலிக் கண்டென்சர்கள் இழுக்கும் முதல் வீச்சில் ஃபியூஸ் போகும், டயோடும் போகலாம். ஹெச்.டி. வெளிவரும் லைனில் 47 ஓம், 20 வாட் வயர்வவுண்ட் ஒன்று: வால்வுக்குள் திடீரென ஆர்க் அடித்தால் மின்னோட்டத்தை 45 ஆம்பியருக்குள் பிடித்துவைப்பது இதுதான். விலை கொஞ்சம், காப்பாற்றுவது வால்வையும் மீட்டரையும்.

நெகட்டிவை நேரே ஷாஸியில் சேர்க்காமல், நடுவே 250 மில்லியாம்ப் மீட்டரை வைத்தால் அது பிளேட் கரண்டை மட்டும் காட்டும். மீட்டருக்குக் குறுக்கே 47 ஓம் ரெசிஸ்டரும், எதிரெதிர்த் திசையில் இரண்டு 1என்5408 டயோடும் இருக்கட்டும். மீட்டர் அறுந்தால் முழு ஹெச்.டி.யும் நெகட்டிவ் லைனில் ஏறுவதை அவை தடுக்கும். ஹெச்.டி. அளக்க 270 கிலோஓம், 1 வாட் ரெசிஸ்டர் பத்தைத் தொடராக 1 மில்லியாம்ப் மீட்டரோடு போடுங்கள், முழு அளவு 2700 வோல்ட்.

வால்வைச் சுற்றி

இணைப்பு கிரவுண்டட் கிரிட். கன்ட்ரோல் கிரிட், ஸ்கிரீன், பீம் பிளேட் மூன்றையும் சாக்கெட்டிலேயே அகலமான செம்புத் தகட்டால் ஷாஸியில் இறக்கிவிட்டால் 813 ஒரு டிரையோடு போல நடக்கும். தனி பயாஸ் வேண்டாம், ஸ்கிரீன் சப்ளை வேண்டாம், நியூட்ரலைசேஷனும் வேண்டாம். தகடு குட்டையாக இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் மெல்லிய கம்பி வி.ஹெச்.எஃப்.பில் ஒரு காயிலாகி, வால்வு தானாகவே ஆசிலேட் ஆகும்.

ஃபிலமென்ட் 10 வோல்ட், 5 ஆம்பியர். இதுவே கேத்தோடாகவும் இருப்பதால் ஆர்.எஃப். (ரேடியோ அலைவரிசை மின்னோட்டம்) மெயின்ஸ் பக்கம் ஓடிவிடாமல் பைஃபைலர் (இரட்டைக் கம்பி) சோக் தேவை: 10 மில்லிமீட்டர் ஃபெரைட் ராடில் 16 எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமன் எண்) எனாமல் கம்பி இரண்டை ஒன்றாகப் பிடித்து 28 சுற்று. பழைய மீடியம் வேவ் ரேடியோவின் ஏரியல் ராடே போதும். சோக்கில் வோல்டேஜ் சற்று விழும் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் முனையில் அளக்காதீர்கள், சாக்கெட் பின்னில் அளந்து பாருங்கள். 9.5க்கும் 10.5க்கும் இடையே இருக்க வேண்டும். தோரியேட்டட் டங்ஸ்டன் ஃபிலமென்ட்டுக்குக் குறைந்த வோல்டேஜும் கேடு, எமிஷன் சரிந்துவிடும்.

ஃபிலமென்ட் டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப்பிலிருந்து ஷாஸிக்கு 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டர். பேசும்போது ரிலே இதை ஷார்ட் செய்யும், கேட்கும்போது இது வால்வை அணைத்துவைக்கும். இல்லையென்றால் சும்மா ஓடும் கரண்டின் இரைச்சல் ரிசீவரில் விழும்.

உள்ளீட்டில் வால்வு சுமார் 270 ஓமாகத் தெரியும். நேரடியாக 50 ஓம் கேபிளைச் சேர்த்தால் எஸ்.டபிள்யூ.ஆர். (பொருந்தாமையைக் காட்டும் விகிதம்) ஐந்துக்கு மேல், இன்றைய ரிக்குகள் பவரைக் குறைத்துக்கொண்டுவிடும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பை நெட்வொர்க்: ரிக் பக்கம் 410 பிகோஃபாரட், வால்வு பக்கம் 250 பிகோஃபாரட், நடுவே 2.4 மைக்ரோஹென்றி. காயில், 25 மில்லிமீட்டர் ஃபார்மரில் (கம்பி சுற்றும் உருளையில்) 18 எஸ்.டபிள்யூ.ஜி. கம்பி 11 சுற்று, 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு. கண்டென்சர்கள் 500 வோல்ட் சில்வர் மைகா. அங்கிருந்து 10 நானோஃபாரட் கண்டென்சர் இரண்டு, ஃபிலமென்ட்டின் இரு முனைக்கும் ஒவ்வொன்று.

பிளேட் கேப்பிலிருந்து வளையும் செம்புப் பின்னல் பட்டையில்தான் இணைப்பு கொடுக்க வேண்டும். கெட்டியான கம்பி சூட்டில் விரிந்து கண்ணாடியை விரிசல்விடச் செய்யும். அதையடுத்து வேண்டாத ஆசிலேஷனைத் தடுக்கும் பாராசிட்டிக் சப்ரஸர்: 100 ஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்டர் இரண்டு இணையாக, மேலே 16 எஸ்.டபிள்யூ.ஜி. கம்பி மூன்று சுற்று. பிளேட் சோக், 25 மில்லிமீட்டர் டெஃப்லான் தண்டில் 28 எஸ்.டபிள்யூ.ஜி. 150 சுற்று, ஏறக்குறைய 200 மைக்ரோஹென்றி. அதன் ஹெச்.டி. முனையை 4.7 நானோஃபாரட், 6 கிலோவோல்ட் செராமிக்கால் ஷாஸிக்கு பைபாஸ் செய்யவும். பிளேட்டிலிருந்து டாங்குக்கு (வெளியீட்டு டியூனிங் சர்க்யூட்டுக்கு) 1 நானோஃபாரட், 5 கிலோவோல்ட் டோர்நாப் (கதவுக் குமிழ் வடிவ) கண்டென்சர்.

பை டாங்க், இந்த வால்வின் எல்லை

பிளேட் லோடு, 2000 வோல்ட்டை 0.2 ஆம்பியரின் 1.6 மடங்கால் வகுத்தால் 6250 ஓம். இதை 50க்கு இறக்க வேண்டும். க்யூ (டாங்கின் கூர்மையைக் காட்டும் எண்) 12 வைத்தால் லோடு கண்டென்சர் 180 பிகோஃபாரட்டுக்குச் சுருங்கி டியூனிங் முரண்டுபிடிக்கும். க்யூ 15 எடுத்தால் கணக்கு வசதியாக வருகிறது: டியூன் கண்டென்சர் 54 பிகோஃபாரட், காயில் 10 மைக்ரோஹென்றி, லோடு கண்டென்சர் 400 பிகோஃபாரட்.

இதே கணக்கை 20 மீட்டருக்குப் போட்டால் டியூன் கண்டென்சர் 27 பிகோஃபாரட்தான். வால்வின் சொந்தக் கெபாசிட்டன்ஸே 14, வயரிங் இன்னொரு பத்து. வேரியபிளுக்கு மிச்சம் எதுவும் இல்லை. 10 மீட்டரில் க்யூ கட்டுக்கடங்காமல் ஏறி, பவர் காயிலிலேயே சூடாகப் போகும். அதனால்தான் ஒற்றை 813ஐ 80, 40 மீட்டருக்கென்றே கட்டச் சொல்கிறோம். ஐந்து பேண்டுக்கும் ஸ்விட்ச் வைத்த வரைபடங்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

காயிலுக்கு 14 எஸ்.டபிள்யூ.ஜி. கம்பியை 50 மில்லிமீட்டர் விட்டத்தில் 20 சுற்று, 75 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பரப்பவும். மூன்றேகால் மீட்டர் கம்பி போதும். பி.வி.சி. குழாயில் சுற்றி அப்படியே விடாதீர்கள், குழாயை உருவிவிட்டு டெஃப்லான் பட்டைகளில் நிறுத்துங்கள். டியூன் கண்டென்சர் 10–100 பிகோஃபாரட், தகடுகளுக்கிடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி. லோடு பக்கம் உச்ச வோல்டேஜ் 160தான், பழைய வால்வு ரேடியோவின் கேங் கண்டென்சரில் இரண்டு பகுதியையும் சேர்த்தால் முடிந்தது.

ஆண்டெனா சாக்கெட்டுக்கு குறுக்கே 2.5 மில்லிஹென்றி சோக் ஒன்றை ஷாஸிக்குப் போடுங்கள். டோர்நாப் ஷார்ட்டானால் 2000 வோல்ட் ஆண்டெனாக் கம்பிக்கு ஏறாமல், இந்தச் சோக் வழியாக இறங்கி ஃபியூஸை அறுக்கும். இதை விட்டுவிட்டுக் கட்டிய லீனியரை எந்த ஆண்டெனாவிலும் சேர்க்காதீர்கள்.

முதல் முறை ஓட்டுதல்

பல ஆண்டு பெட்டியில் கிடந்த வால்வுக்குள் வாயு கசிந்திருக்கும். ஹெச்.டி. இல்லாமல் ஃபிலமென்ட்டை மட்டும் ஒரு நாள் முழுக்க எரியவிடுங்கள். பிறகு வேரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரில்) பாதி வோல்டேஜ். கண்ணாடியின் உட்சுவரில் நீல ஒளி படர்ந்தால் பயமில்லை. எலெக்ட்ரோடுகளுக்கு நடுவே ஊதாப் புகைபோலத் தெரிந்தால் வால்வில் வாயு, அதை ஒதுக்கிவிடுங்கள். வால்வு நிமிர்ந்தே நிற்க வேண்டும், பக்கத்தில் ஒரு சிறு மின்விசிறி ஓடட்டும்.

முழு ஹெச்.டி. கொடுத்து, டிரைவ் (ரிக்கிலிருந்து வரும் பவர்) இல்லாமல் ரிலேயை இழுத்தால் 20–30 மில்லியாம்ப் காட்டும். இந்த நிலையில் டியூன் கண்டென்சரை முழுக்கச் சுழற்றிப் பாருங்கள். ஊசி அசைந்தால் ஆசிலேஷன். கிரிட் தகட்டையும் சப்ரஸரையும் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

அடுத்து, ஆண்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடு. லோடு கண்டென்சரை முழுக்க மூடி, 10 வாட் டிரைவ் கொடுத்து, டியூனில் பிளேட் கரண்டின் டிப்பை (ஊசி மிகக் கீழே இறங்கும் இடத்தை)ப் பிடியுங்கள். லோடைச் சிறிது திறந்து மறுபடி டிப். பவர் மீட்டர் ஏறும்வரை இப்படியே மாறி மாறி, பிறகு டிரைவை 40 வாட் வரை உயர்த்தி 200 மில்லியாம்பில் நிறுத்துங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்குமேல் கேரியர் வேண்டாம், பிளேட் தாங்குவது 125 வாட்தான்.

டிப் கிடைக்கவே இல்லையென்றால் காயில் கணக்கு தப்பியிருக்கும், சுற்றுகளை நெருக்கியோ விலக்கியோ பாருங்கள். டியூன் கண்டென்சரில் பொறி பறந்தால் லோடு போதவில்லை என்று பொருள், லோடை இன்னும் திறக்க வேண்டும். பிளேட் சோக் ஓரிடத்தில் மட்டும் கருகினால் அது 7 மெகாஹெர்ட்ஸில் சீரீஸ் ரெசொனன்ஸில் இருக்கிறது, பத்துப் பதினைந்து சுற்றைக் கழற்றவும். பி.டி.டி. (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்தும்போதெல்லாம் ரிலே முனையில் பொறி வந்தால், ரிலே ஒட்டுவதற்குமுன் டிரைவ் வந்துவிடுகிறது. ரிக்கில் டி.எக்ஸ். டிலே இருந்தால் 20 மில்லிசெகண்டு வையுங்கள்.