பழங்குடி மக்களோட பல்லைப் படிக்கப் போறவங்க அடிக்கடி பண்ற தப்புங்க

ஒரு சாயங்காலம், பகல் முழுக்க எழுதின ஷீட்டெல்லாம் புரட்டிப் பாத்துட்டு இருந்தப்ப, கூட வந்த சீனியர் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "இந்தம்மாவுக்கு கரபெல்லி சைபர்னு போட்டிருக்கியே, பல்லு எவ்வளவு தேஞ்சிருந்துச்சு?" யோசிச்சுப் பாத்தேன். நல்லா வயசான அம்மா, கடவாப்பல்லு எல்லாம் ஈறு பக்கத்துல வரைக்கும் தேஞ்சு தட்டு மாதிரி வழவழன்னு இருந்துச்சு. அதுல கரபெல்லிங்கற அந்தச் சின்ன முகடு ஒரு காலத்துல இருந்துச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆனா நான் சைபர் போட்டுட்டேன். சைபர்னா "இல்ல". நான் எழுதியிருக்க வேண்டியது "பாக்க முடியல". அன்னிக்கு மட்டும் பதினோரு ஷீட்டுல இந்த வேலையைப் பண்ணி வச்சிருந்தேன்.

கரபெல்லி முகடுன்னா மேல் கடவாப்பல்லோட நாக்குப் பக்கத்துல சில பேருக்கு இருக்கற சின்ன மேடு, வியன்னாவுல இருந்த ஒரு பல் டாக்டர் பேர்ல வழங்குது. இந்த மாதிரி சின்னச் சின்ன அடையாளத்தை எண்ணித்தான் எந்தக் கூட்டத்துக்கும் எந்தக் கூட்டத்துக்கும் பழைய உறவுன்னு பல் மானிடவியல்ல கணக்குப் போடறாங்க. இப்ப தேஞ்ச பல்லை எல்லாம் சைபர்ல சேத்துட்டா என்ன ஆகும்னு பாருங்க, வயசானவங்க நிறைய வாய் காட்டின ஊர்ல முகடு கம்மின்னு வரும், பசங்க நிறைய வந்த ஊர்ல அதிகம்னு வரும், நீங்க ரெண்டு ஊரும் வேற வேற வம்சம்னு ஒரு பேப்பரே எழுதி முடிச்சிடுவீங்க, வித்தியாசம் வம்சத்துல இல்ல வயசுலதான்னு யாருக்கும் தெரியாது. ஞானப்பல்லும் இதே கதைதான். வாயில காணோம்னா அது உருவாகவே இல்லன்னு ஆயிடாது, ஈறுக்குள்ள படுத்திருக்கலாம், இல்ல என்னிக்கோ பிடுங்கியிருக்கலாம். எக்ஸ்ரே இல்லாம "பிறவியிலேயே இல்ல"ன்னு எழுதறது வெறும் ஊகம்.

ஃபீல்டுல நான் பண்ணதும் அடுத்தவங்க பண்ணிப் பாத்ததும் பாதிக்கு மேல இந்த ஒரே வேர்ல இருந்து முளைச்ச தப்புங்கதான். நமக்குத் தெரியாததை "இல்ல"ன்னு எழுதிடறோம்.

வயசு விஷயத்துல இது இன்னும் நைசா நடக்கும். பொறந்த தேதி எழுதி வைக்காத ஊர்ல போய் "உங்களுக்கு எத்தனை வயசு"ன்னு கேட்டா அவங்க சிரிப்பாங்க, இல்லன்னா நம்ம மனசு கோணக் கூடாதேன்னு ஏதோ ஒரு நம்பர் சொல்லுவாங்க. உடனே நம்மாளு பல்லு தேஞ்சிருக்கறத வச்சு "நாப்பத்தஞ்சு"ன்னு போட்டுக்குவாரு. அப்புறம் அதே டேட்டாவுல வயசு ஏற ஏற தேய்மானம் ஏறுதுன்னு கிராஃப் போடுவாரு! தேய்மானத்தை வச்சு வயசு, வயசை வச்சு தேய்மானம், செக்கு மாடு மாதிரி ஒரே இடத்துல சுத்தறது. யார் யாருக்கு மூத்தவங்கன்னு கேட்டு வரிசைப்படுத்திட்டு, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கற வெள்ளம், பஞ்சம், ரோடு வந்த வருஷம் இதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டுப் பொருத்துங்க. நேரம் எடுக்கும்தான்.

ஸ்கோரிங்கப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். இந்த ஃபீல்டுல பெரும்பாலும் ஓடறது ஆசுடாஸ், அதாவது அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி முறை, 1991ல டர்னர், நிக்கல், ஸ்காட் மூணு பேரும் எழுதி வெளியிட்டது. ஒவ்வொரு அடையாளத்துக்கும் பிளாஸ்டர்ல படிப்படியா மாடல் தட்டு உண்டு. அதைக் கையில வச்சுட்டுப் பாக்கணும். "எனக்குத்தான் மனப்பாடமாச்சே"ன்னு தட்டைப் பெட்டியிலயே விட்டுட்டுப் போறவங்களுக்கு முதல் நாள் கிரேடு ரெண்டு போட்டது பத்தாவது நாள் கிரேடு மூணா மாறியிருக்கும், அவங்களுக்கே தெரியாது. கொஞ்சம் பேரோட பல் அச்சை எடுத்து வச்சு சில வாரம் கழிச்சு பழைய மார்க்கைப் பாக்காம திரும்பப் போட்டுப் பாருங்க, உங்க கண்ணு எவ்வளவு நழுவுதுன்னு தெரியும். பல்லு நம்பர் சொல்றதுலயும் ஒரு பொறி இருக்கு. உலகப் பல் மருத்துவச் சங்கத்தோட எஃப்டிஐ முறையில முதல் நம்பர் வாயோட கால்பகுதி, ரெண்டாவது அதுல எத்தனையாவது பல்லு. வலது மேல் முதல் கடவாப்பல்லு ஒண்ணு-ஆறு, அப்படித் தனித்தனியாத்தான் சொல்லணும். "பதினாறு"ன்னு கத்தினா, எல்லாப் பல்லையும் ஒண்ணுலேருந்து முப்பத்திரெண்டு வரைக்கும் எண்ற அமெரிக்க முறையில பழகின ஆளு எழுதறவரா இருந்தா அவருக்கு அது இடது மேல் ஞானப்பல்லு. வாய்க்குள்ள நேரெதிர் மூலை.

அப்புறம் ஒரே ஆளோட இடது வலது ரெண்டையும் ரெண்டு சாம்பிளா எண்றது, அம்மா பொண்ணு தங்கச்சி மூணு பேரையும் சம்பந்தமில்லாத மூணு பேரா எண்றது. சின்னக் கூட்டத்துல எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், உறவு முறை எழுதி வாங்காம சதவீதம் போட்டா அது ஊரோட சதவீதம் இல்ல, ஒரு குடும்பத்தோட சதவீதம். அதே மாதிரி முன்பல்லு பின்பக்கம் ஷவல் மாதிரி குழிஞ்சிருந்தா "சுத்தமான இந்த இனம்"னு எழுதற பழக்கத்தை விட்ருங்க. அதுக்குப் பின்னாடி ஈடிஏஆர் ஜீன்ல ஒரு மாற்றம் இருக்கு, அதே மாற்றம் முடியோட தடிமனையும் வேர்வைச் சுரப்பியையும் கூட மாத்துது. பல்லுல யாரும் சாதி சர்டிபிகேட் ஒட்டி வைக்கல.

இல்லாத பல்லுக்கு வருவோம், எனக்கு ரொம்பக் கோபம் வர்ற இடம் இது. சொத்தைக் கணக்கு எடுக்கறவங்க டிஎம்எஃப்டி ஃபார்ம்ல, அதாவது சொத்தையான பல்லு, சொத்தையால போன பல்லு, அடைச்ச பல்லு மூணையும் எண்ற ஃபார்ம்ல, பல்லு இல்லன்னா "எம்" (மிஸ்ஸிங்)னு போட்டுட்டு அடுத்த பல்லுக்குப் போயிடறாங்க, சொத்தையாலதான் போச்சுங்கற கணக்குல அது சேந்துடுது. தெற்கு சூடான்ல டிங்கா, நுவர் மக்கள் கீழ் முன்பல்லை வழக்கமாவே எடுத்தவங்க, ஆஸ்திரேலியப் பழங்குடிகள்ல பல கூட்டத்துல மேல் முன்பல்லைத் தட்டி எடுக்கற சடங்கு இருந்துச்சு. ஆனைமலைக் காடர்கள் முன்பல்லைக் கூராச் செதுக்கிக்கிட்டத மெட்ராஸ் மியூசியத்துல இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய சாதிகள், பழங்குடிகளைப் பத்தி 1909ல வந்த தன்னோட தொகுப்புல எழுதியிருக்காரு, இது தெரியாத ஆளு பாத்தா "அடிபட்டு உடைஞ்சது"ன்னு போட்டிருப்பாரு. வெத்தலை பாக்குக் கறையைச் சொத்தைன்னு எழுதினவங்களும் உண்டு. "இந்தப் பல்லு எப்ப போச்சு, எப்படிப் போச்சு?" அவ்வளவுதான் கேள்வி, கேக்க அரை நிமிஷம் ஆகுமா?

பல்லு வெறும் சோறு மெல்றதுக்குன்னு நெனைக்கறதும் இதுலயே சேரும். பழைய ஆஸ்திரேலிய மண்டை ஓடுகள்ல பக்கத்துப் பக்கத்துக் கடவாப்பல்லு நடுவுல வாய்க்கால் மாதிரி கோடு இருக்கும், பல்லு குத்தின தடம்னு சொல்லிட்டு இருந்தாங்க. 1990ல டாஸ்மன் பிரவுன், ஸ்டீஃபன் மோல்னார்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க, இது விலங்கோட தசைநாரைப் பல்லிடுக்குல குடுத்து இழுத்து இழுத்துக் கயிறுக்குப் பதம் பண்ணினதுல வந்த கோடா இருக்கணும்னு சொன்னாங்க. அந்த மக்கள் என்ன வேலை செய்யறாங்கன்னு பாக்காம பல்லை மட்டும் லென்ஸ்ல பாத்தா இது தோணவே தோணாது. காட்டு உணவு சாப்பிடறவங்களுக்குச் சொத்தையே வராதுங்கற நம்பிக்கையும் அப்படித்தான். தான்சானியா ஹட்சா மக்கள்கிட்ட மானிடவியல் ஆராய்ச்சியாளர் அலிசா கிரிட்டெண்டன் குழு பாத்து 2017ல வெளியிட்டதுல, இன்னும் காட்டுலயே இருக்கற ஆம்பளைங்களுக்கு நல்லாவே சொத்தை இருந்துச்சு. அவங்க அவ்வளவு தேன் சாப்பிடறாங்க, புகை பிடிக்கறதும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க.

அச்சு எடுக்கறது தனிக் கூத்து. ஏசி ரூம்ல பழகின கை வெயில்ல ஆல்ஜினேட் (தண்ணியில கலக்கிப் பல் அச்சு எடுக்கற மாவு) கலக்கும், தண்ணி சூடா இருக்கும், ட்ரேயை வாய்க்குள்ள கொண்டு போறதுக்குள்ள கிண்ணத்துலயே கெட்டியாயிடும். தண்ணியை மண்பானையிலயோ ஃபிளாஸ்க்லயோ குளிர்ச்சியா வச்சுக்கோங்க. உக்கார வச்சு, தலையைக் கொஞ்சம் முன்னாடி சாய்க்கச் சொல்லி, ட்ரேயோட பின்பக்கத்தை முதல்ல அழுத்துங்க, மாவு முன்னாடி வழியும், தொண்டைக்குப் போகாது, குமட்டாது. மூக்கால மூச்சு விடறது எப்படின்னு முன்னாடியே சிரிச்சுக்கிட்டே செஞ்சு காட்டுங்க. எடுத்த அச்சை "ராத்திரி கேம்ப்ல ஊத்திக்கலாம்"னு வச்சீங்கன்னா போச்சு, ஆல்ஜினேட் காய்ஞ்சு சுருங்கிடும், பல்லோட அளவே மாறிடும். ஈர டிஷ்யூவுல சுத்தி மூடின கவர்ல போட்டு, அரைமணிக்குள்ள டென்டல் ஸ்டோன், அதாவது கெட்டியா இறுகற பிளாஸ்டர், ஊத்தணும். ஊத்தறப்ப ஒரு ஓரத்துல இருந்து தட்டித் தட்டி ஓட விடுங்க. அச்சுச் சுவர்ல காத்துக் குமிழி தங்கியிருந்தா அங்க ஸ்டோன்ல குழி விழும், ஆல்ஜினேட்லயே குமிழி இருந்துச்சுன்னா ஸ்டோன்ல குண்டு மாதிரி ஒரு மேடு வரும். ஒருத்தர் அந்தக் குமிழிக்கு கரபெல்லி கிரேடு குடுத்ததை நான் கண்ணால பாத்திருக்கேன், பேர் வேண்டாம், நல்ல மனுஷன். நாள்கணக்குல வச்சு ஊத்தணும்னா சிலிகோன்ல எடுங்க, ஆனா லேடக்ஸ் கிளவுஸ் போட்ட கையால பிசையாதீங்க, அதுல இருக்கற கந்தகம் பட்டா சிலிகோன் இறுகவே இறுகாது, பிசுபிசுன்னு நிக்கும். நைட்ரைல் கிளவுஸ் வாங்கிக்கோங்க.

அந்த அச்சு மேல பேர் எழுதறதுலயும் யோசிக்கணும். ஆஸ்திரேலியாவுல யுவெண்டுமூங்கற ஊர்ல வார்ல்பிரி மக்கள்கிட்ட அடிலெய்டு யுனிவர்சிட்டி 1951ல ஆரம்பிச்சு 1971 வரைக்கும் திரும்பத் திரும்பப் போய், 400க்கும் மேல ஆளுங்ககிட்ட 1,700க்கும் மேல அச்சு எடுத்தாங்க, அதே குழந்தை வளர வளர வருஷா வருஷம் எடுத்தது, உலகத்துல அந்த மாதிரி சேகரிப்பு ரொம்ப அபூர்வம். ஆனா வார்ல்பிரி மக்கள் செத்தவங்க பேரைச் சொல்ல மாட்டாங்க, அதே பேர் இருக்கற உயிரோட இருக்கறவங்களைக் கூட குமஞ்ஜாயின்னு மாத்திக் கூப்பிடுவாங்க. அங்க போய் இறந்தவரோட பேரைச் சத்தமா வாசிச்சு, போட்டோவையும் ஸ்கிரீன்ல போட்டா எப்படி இருக்கும்? கோடு நம்பர் போட்டுக்கோங்க, பேர் பட்டியல் தனியாப் பூட்டி இருக்கட்டும். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் வரக் கூடாதுங்கறதும் அவங்க முறை. நீங்க எல்லாரையும் ஒரே வரிசையில உக்கார வச்சா பாதிப் பேர் எழுந்து போயிடுவாங்க, நீங்க "ஒத்துழைப்பு இல்லை"ன்னு ரிப்போர்ட் எழுதுவீங்க.

சம்மதம் விஷயத்துக்கு வந்தா, திரும்பவும் அந்த சைபர் கதைதான். அவங்க மறுக்கலன்னா சம்மதிச்சாங்கன்னு அர்த்தம் இல்ல. அரசாங்கப் பர்மிட் இருக்கு, தலைவர் தலையாட்டிட்டாரு, எல்லாரும் வரிசையில நிக்கறாங்க, ஆனா ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்க பாஷையில தனியாக் கேட்டீங்களா, வேண்டாம்னு சொன்ன ஆளுக்கும் மத்தவங்களுக்குக் குடுத்த டூத் பிரஷ்ஷைக் குடுத்தீங்களா? ஒரு வேலைக்குன்னு வாங்கினதை இன்னொரு வேலைக்கு எடுக்கறது இன்னும் மோசம். அமெரிக்காவுல அரிசோனாவுல இருக்கற ஹவாசுபாய் பழங்குடி மக்கள்கிட்ட சர்க்கரை வியாதி ஆராய்ச்சின்னு சொல்லி 1990கள்ல வாங்கின ரத்தத்தை அவங்களுக்குத் தெரியாம வேற ஆராய்ச்சிக்கும் எடுத்து, கேஸ் நடந்து, 2010ல ஏழு லட்சம் டாலர் குடுத்து மிச்ச ரத்தத்தையும் திருப்பிக் குடுத்தாங்க. அது நடந்தது ஆசுடாஸ் பொறந்த அதே யுனிவர்சிட்டியிலதான். விழுந்த பால்பல்லு, சுரண்டின பல்காரை ரெண்டுலயும் டிஎன்ஏ இருக்கு, "வெறும் பல்லுதானே"ன்னு ஃபார்ம்ல ஒரு வரியில முடிச்சிடாதீங்க. தென்னாப்பிரிக்க சான் மக்கள் 2017ல தாங்களே ஆராய்ச்சியாளர்களுக்கு விதி எழுதி வெளியிட்டாங்க, அதைப் படிச்சுட்டு உங்க ஃபார்மை எடுத்துப் பாருங்க.

சீழ் வச்ச பல்லைப் பாத்துட்டு ஷீட்டுல ஒரு டிக் போட்டு "நெக்ஸ்ட்"னு கூப்பிடற ஆளோட நான் இனிமே வேலைக்குப் போறதா இல்ல. கூட ஒரு பல் டாக்டரைக் கூட்டிட்டுப் போங்க, முடியலன்னா பக்கத்து ஆஸ்பத்திரிகிட்ட முன்னாடியே பேசி வண்டிச் செலவை பட்ஜெட்ல போடுங்க. லைசென்ஸ் இல்லாம நீங்களே பிடுங்கவும் இறங்கிடாதீங்க.

அந்த வயசான அம்மாவை மறுநாள் போய்ப் பாத்தேன். மொழிபெயர்க்கற தம்பியை வச்சுக்கிட்டு, வலது பக்கப் பல்லு மட்டும் இடதை விட இவ்வளவு தேஞ்சிருக்கே ஏம்மான்னு கேட்டேன். பேசல, எழுந்து உள்ள போனாங்க, ஒரு கொத்து நாரை எடுத்துட்டு வந்து ஒரு முனையை வலது கடவாயில கடிச்சுக்கிட்டு இன்னொரு முனையைக் கையால சரசரன்னு இழுத்தாங்க. கயிறுக்கு நார் உரிக்கறதாம், சின்னப் பொண்ணா இருந்தப்பலேருந்து அப்படித்தானாம். நான் அந்தப் பதினோரு சைபரையும் ஒரே கோட்டால அடிச்சு, பக்கத்துல "பாக்க முடியல"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தம்மா ஷீட்டுல ரிமார்க்ஸ் கட்டத்துல இடம் பத்தல, திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்.