ஊர்ப் பிள்ளைகளுக்கு வாராந்தரக் கலை வகுப்பு: தொடங்குவதும் நிலைக்க வைப்பதும்

கோடை விடுமுறையில் பத்து நாள் கலைப் பயிற்சி முகாம் நடத்தி, கடைசி நாளில் சான்றிதழும் சமோசாவும் கொடுத்துக் கலைந்துபோவது எளிது. பள்ளி திறந்த பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே பிள்ளைகள் அதே இடத்துக்கு வந்து சேர வேண்டுமானால் அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். எங்கள் ஊரில் மூன்று ஆண்டுகளாக நடந்துவரும் பறை வகுப்பில் கூட இருந்து வேலை செய்ததில் தெரிந்துகொண்டவற்றை, தம் ஊரிலோ தெருவிலோ இப்படியொன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எந்தக் கலை என்று முடிவு செய்துவிட்டு ஆசிரியரைத் தேடுவது தலைகீழான வேலை. ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் யார் இருக்கிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். வட மாவட்டங்களில் தெருக்கூத்துக் கலைஞர் ஒருவர் பத்து கிலோமீட்டருக்குள் கிடைத்துவிடுவார். கொங்குப் பகுதியில் வள்ளி கும்மியும் பெருஞ்சலங்கை ஆட்டமும், தென் மாவட்டங்களில் ஒயிலாட்டமும் தேவராட்டமும் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விசாரித்தும் ஆள் கிடைக்காவிட்டால், மாநில அரசின் கலை பண்பாட்டுத் துறைக்குத் தஞ்சாவூர், மதுரை, சேலம், திருநெல்வேலி போன்ற ஊர்களில் மண்டல மையங்கள் உள்ளன. அங்கே நேரில் போய்க் கேட்டால் வழி பிறக்கும்.

ஆசிரியருக்கு மாதச் சம்பளம் இவ்வளவு என்று முதல் நாளே பேசி, பிள்ளைகள் குறைவாக வந்த வாரத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். ‘கலைச் சேவை’ என்ற சொல்லைக் கலைஞரிடம் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. அந்தச் சொல்லை அவர் வாழ்நாள் முழுவதும் பாதிக் கூலியோடு சேர்த்துத்தான் கேட்டிருப்பார். பங்குனி முதல் வைகாசி வரையும் ஆடி மாதத்திலும் கோயில் திருவிழாக்களில்தான் அவருக்கு வருமானம் என்பதால், அந்த மாதங்களில் வகுப்பைக் குறைத்துக்கொண்டு புரட்டாசியிலும் மார்கழியிலும் கூட்டிக்கொள்ளும்படி நாட்காட்டியை அமைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இடத்தைத் தேர்வு செய்வதில் எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. கோயில் மண்டபம் விசாலமானது, நிழலும் உண்டு. ஆனால் அந்த மண்டபத்துக்குள் எல்லாத் தெருப் பிள்ளைகளும் கூச்சமில்லாமல் நுழைவார்களா என்று ஒருவர் கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. ஒரு சாராருக்கு மட்டும் உரிய சமுதாயக்கூடத்துக்கும் அதே நிலைதான். கடைசியில் அரசு நடுநிலைப் பள்ளியின் வளாகத்தைத் தேர்ந்தெடுத்தோம். இதற்குத் தலைமை ஆசிரியரிடம் எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்; தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போனாலும் தீர்மானம் நிற்கும். ஊராட்சிக் கட்டடம் வேண்டுமானால் கிராம சபையில் கேட்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சபை கூடுவது எல்லோருக்கும் தெரியும், இப்போது மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்துள்ளன. இடம் கிடைத்தாலும் சாவி கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. முதல் ஆண்டில் சாவி வைத்திருந்தவர் கல்யாணத்துக்குப் போனதால் மட்டும் நான்கு சனிக்கிழமைகள் பிள்ளைகள் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். இரண்டாவது சாவி ஒன்றை வெட்டி, வகுப்புப் பொறுப்பாளரிடம் கொடுக்கும் அனுமதியையும் அந்தத் தீர்மானத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

எங்கள் கலை பறை என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வட்டமான மரச்சட்டத்தில் கன்றுத்தோல் இழுத்துக் கட்டிய கருவி அது. வலக்கையில் குட்டையான அடிக்குச்சியும் இடக்கையில் மெல்லிய நீளமான குச்சியும் பிடித்து அடிக்க வேண்டும். தொடக்கத்திலேயே பிள்ளைகள் கையில் பறையைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் அண்டை வீட்டார் வந்துவிடுவார்கள். எங்கள் ஆசிரியர் முதல் மூன்று வாரங்கள் பழைய இருசக்கர வாகன டயர்களைத் தரையில் போட்டு, அவற்றின் மேல் குச்சிகளால் அடிக்கச் சொன்னார். அதற்கும் முன்பாக ஒவ்வோர் அடியையும் வாயால் சொல்லிக்கொண்டே காலால் மிதிக்க வேண்டும். வாயில் நிற்காத தாளம் கையில் நிற்காது என்பார். ஒத்தையடி என்ற தாளத்தில் தொடங்கிய பிள்ளைகள் தெம்மாங்கு அடி, சப்பரத்து அடி ஆகிய தாளங்களுக்கு வர ஏறக்குறைய எட்டு மாதங்கள் ஆயின. இருபது பிள்ளைகளுக்கு இருபது பறை வாங்கத் தேவையில்லை, பத்தே போதும். ஒரு வரிசை அடிக்கும்போது மற்ற வரிசை ஆட்டத்துக்கான அடவைப் போடும், பிறகு மாறிக்கொள்வார்கள்.

தோல் பறையை ஒவ்வொரு முறையும் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும். வைக்கோலையோ காய்ந்த ஓலையையோ கொளுத்தி, பறையைத் தீயிலிருந்து சற்று விலக்கிப் பிடித்து, வட்டமாகத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். இடையிடையே விரலால் சுண்டிப் பார்த்தால், முதலில் தொப்பென்று ஒலித்த தோல் சிறிது நேரத்தில் கணீரென்று ஒலிக்கத் தொடங்கும், அதுதான் பதம். அதற்கு மேல் ஒரு நிமிடம் பிடித்தாலும் தோல் வெடித்துவிடும். எங்களிடம் இரண்டு பறைகள் அப்படிப் போயின. தீ மூட்டும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சிய தோலும் அரை மணி நேரத்தில் தொய்ந்துவிடுவதால், ஐப்பசி, கார்த்திகை வகுப்புகளுக்கு மட்டும் செயற்கைத் தோல் போட்ட பறைகள் நான்கைந்து வைத்துக்கொள்ளலாம். ஒலியில் வித்தியாசம் உண்டுதான், வகுப்பு நின்றுபோவதைவிட அது மேல்.

பறை வகுப்பு என்றால் பெற்றோரின் தயக்கத்தையும் எதிர்பார்த்தே இருக்க வேண்டும். “சாவுக்கு அடிக்கிறதையா எம் பேரன் கையில குடுக்குறீங்க?” என்று ஒரு பாட்டி பள்ளி வாசலிலேயே நின்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் சாதியும் இருக்கிறது என்பதை மூடி மறைத்துப் பயனில்லை. அதே சமயம் வாசலில் நின்று விவாதித்து எவரையும் மாற்றிவிட முடியாது. நாங்கள் செய்தது இரண்டு காரியங்கள். வகுப்பில் ஆசிரியர் எப்போதும் நாற்காலியில்தான் அமர்வார், எல்லாப் பிள்ளைகளும் அவரை ‘ஐயா’ என்றே அழைக்க வேண்டும் என்று முதல் நாளே நடைமுறைப்படுத்தினோம். அடுத்து, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை பெற்றோரை அழைத்து வந்து வகுப்பைப் பார்க்க வைத்தோம். பாட்டி இன்னும் முழுமனதோடு ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் பேரன் வருகிறான்.

பாதுகாப்பு விஷயத்தில் முகத்தாட்சண்யம் பார்க்கக் கூடாது. வகுப்பு நடக்கும் நேரம் முழுவதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பது அவசியம். ஆசிரியர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் ஒரு பிள்ளையைத் தனியே வைத்துக் கற்றுக்கொடுக்கும் வழக்கம் வேண்டாம். இதைப் பொது விதியாக முதலிலேயே சொல்லிவிட்டால் யார் மனமும் புண்படாது. குழந்தைகள் உதவி எண் 1098 என்பதைச் சுவரில் எழுதி வைக்கலாம். இருட்டுவதற்குள் வகுப்பை முடித்துவிட வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகளின் படங்களைச் சமூக ஊடகத்தில் போடக் கூடாது.

பணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெற்றோரிடம் முடிந்த அளவு மாதக் கட்டணமும், ஊரிலிருந்து வெளியே போய் வேலை பார்ப்பவர்களிடம் நன்கொடையும் பெற்று, வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி யார் கேட்டாலும் காட்ட வேண்டும். தம் படம் போட்ட பேனரோடு வரும் நன்கொடையைப் பணிவாகத் தவிர்த்துவிடுங்கள். தேர்தல் வந்தால் வகுப்பு இரண்டாகிவிடும்.

வகுப்பு ஓராண்டு தாக்குப்பிடித்த பிறகு, பிள்ளைகளுக்கு வெளியே உள்ள வாய்ப்புகளோடு தொடர்பு ஏற்படுத்தித் தர வேண்டும். பெரும்பாலான பெற்றோருக்கு இவை இருப்பதே தெரியாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழாப் போட்டிகள் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கின்றன. மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்ற பட்டங்கள் உண்டு. பெயர்கள் பள்ளி வழியாகத்தான் பதிவாகும் என்பதால், எந்தப் பிள்ளை எதில் தேர்ந்திருக்கிறது என்ற பட்டியலை ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரிடம் கொடுத்து வைப்பது நல்லது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் பாட்டு, பரதநாட்டியம், ஓவியம் போன்றவற்றை விடுமுறை நாட்களில் கற்கலாம். இசையையே வாழ்க்கையாகக் கொள்ள நினைக்கும் பிள்ளைக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றில் மூன்றாண்டுப் படிப்பு நடக்கிறது, கட்டணம் பெயரளவுக்குத்தான். மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் 1982 முதல் வழங்கிவரும் கலைத்திறன் உதவித்தொகைக்கு 10 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். பரம்பரைக் கலைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதில் தனி இடம் உண்டு என்பதால் எங்கள் ஆசிரியரின் பேத்திக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். மாவட்ட அளவில் தமிழ்நாடு அரசு தரும் விருதுகளில் 18 வயதுக்கு உட்பட்டோருக்கானது கலை இளமணி.

இவை எதற்கும் விண்ணப்பிக்கும் நேரத்தில்தான் பிறப்புச் சான்றிதழைத் தேடத் தொடங்குகிறோம். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு போட்டு, பிறப்புச் சான்றிதழின் நகல், பள்ளி அடையாள அட்டையின் நகல், பங்கேற்ற நிகழ்ச்சிகளின் சான்றிதழ்கள், தேதி குறித்த புகைப்படங்கள் ஆகியவற்றை அவ்வப்போது சேர்த்து வைக்க வேண்டும். பயிற்சி தொடங்கிய நாளையும் ஆசிரியர் கையெழுத்தோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். எத்தனை ஆண்டுப் பயிற்சி என்ற கேள்வி எப்படியும் வரும்.

முதல் அரங்கேற்றத்தைப் பெரிய விழாவாக நடத்த வேண்டாம். எங்கள் பிள்ளைகள் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றம் முடிந்ததும் பள்ளி மைதானத்தில் பதினைந்து நிமிடம் அடித்தார்கள். சிறப்புரை எதுவும் இல்லை, மாலை மரியாதை ஆசிரியருக்கு மட்டும். ஒலிபெருக்கி வைத்து மாலையில் நடத்துவதானால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் எப்படியும் கூடாது.

பதினைந்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் பொதுத்தேர்வைக் காரணம் காட்டி நின்றுவிடுவது வழக்கம். அவர்களை முழுமையாக விட்டுவிடாமல், மாதம் ஒருமுறை சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பாடம் எடுக்கும் வேலையைக் கொடுக்கலாம். ஆசிரியர் திருவிழாவுக்குப் போன வாரங்களில் வகுப்பு நடப்பது இவர்களால்தான். எங்களுடைய இரண்டாவது சாவி இப்போது பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவரிடம் இருக்கிறது. வர முடியாத வாரத்தில் வெள்ளிக்கிழமை மாலையே என் வீட்டுக்கு வந்து, சாவியை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போகிறார்.