முன்பணம் கட்டாமல் கிடார் படித்த கதை

கிடார் வாங்கியபோது எனக்கு வயது 34. அண்ணா நகரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வகுப்பு இருந்தது. மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள்; கட்டினேன். தனி வகுப்பு என்றார்கள், போய்ப் பார்த்தால் ஒரே அறையில் ஐந்து பேர். மற்ற நால்வரும் டிரினிட்டி என்ற லண்டன் நிறுவனத்தின் இசைத் தேர்வான கிரேடு தேர்வுக்குத் தயாராகும் பள்ளிப் பிள்ளைகள். எனக்கோ நாலு பாட்டுக்கு கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்படி கம்பிகளை அழுத்துவது) பிடிக்கத் தெரிந்தால் போதும். பாதியில் நின்றேன். பணம் திரும்பவில்லை.

அடுத்த முறை உஷாரானேன். இசைக்கருவிக் கடைக்காரரிடம் விசாரித்தேன். கம்பி வாங்க வருகிற வாத்தியார்கள் எல்லாரையும் அவருக்குத் தெரியும். அவர் சொன்ன இருவரிடமும் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கொடுத்துப் பார்த்தேன். முதலாமவர் அற்புதமாக வாசித்தார். வகுப்பு முழுக்க அவரேதான் வாசித்தார். இரண்டாமவர் என் கிடாரை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், கம்பி ரொம்ப உயரத்துல இருக்கு, அதான் எஃப் கார்டு அழுத்த முடியல" என்றார். நான் இத்தனை நாளும் விரலைத் திட்டிக்கொண்டிருந்தேன்! கிடாரின் உடலில் கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜிலிருந்து, அவற்றைத் தாங்கும் சாடில் என்ற சிறு பட்டையைக் கழற்றி, அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்து மாட்டிக் கொடுத்தார்.

அவரிடமே சேர்ந்தேன். வாரம் முக்கால் மணி நேரம், நாலு வகுப்பு முடிந்ததும் ஜிபேயில் பணம். நான் வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வகுப்பும் கணக்கில் சேரும். அவர் வராவிட்டால் சேராது. இதை வாட்ஸ்அப்பில் எழுதியே வைத்துக்கொண்டோம்.

எஃப் இப்போது சுத்தமாகக் கேட்கிறது. பி மைனர் கார்டுதான் இன்னும் அடம்பிடிக்கிறது.