கொரோனா ஊரடங்கு போன்ற காலத்தில் ஊட்டி வீட்டிலிருந்தே ஓப்பராக் குரலுக்குப் பயிற்சி

ஓப்பரா என்னும் மேற்கத்திய இசைநாடகத்தில் பாடுபவருக்கு ஒலிபெருக்கி கிடையாது. ஆர்கெஸ்ட்ராவையும் மீறி அரங்கின் கடைசி வரிசை வரை குரல் தானாகவே எட்ட வேண்டும். தேர்ந்த பாடகர் பலருக்கு இதில் கைகொடுப்பது வெறும் சத்தமன்று, 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிக் குரலில் திரளும் கூடுதல் ஆற்றலே. சிறிய அறையும் கைபேசியும் இதைச் சரியாகக் காட்டுவதில்லை. ஆகவே, வகுப்புகள் மூடப்படும் காலத்தில் ஊட்டிக்கோ குன்னூருக்கோ திரும்பும் மாணவர், காதை ஓரளவே நம்பி, விலாவிலும் முதுகிலும் முகத்திலும் உணரும் அசைவையும் அதிர்வையும் கவனித்துப் பழக வேண்டும்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைவு. சமவெளியிலிருந்து வந்த புதிதில் நீண்ட வரிகளுக்கு மூச்சுப் போதாமல் போனால், வயிற்றை இறுக்கிச் சமாளிக்க முயலாமல், வரியை இரண்டாகப் பிரித்துப் பாடிச் சில நாள்களில் மெல்ல இணைக்கலாம்.

காலைக் குளிரில் எழுந்தவுடன் உச்சஸ்தாயியைத் தொட வேண்டாம். வெந்நீர் குடித்து, உடல் சூடேறும் வரை நடந்த பின், தண்ணீர் உள்ள குவளையில் ஸ்ட்ராவின் நுனியை இரண்டு சென்டிமீட்டர் அளவு மூழ்கவைத்து, அதன் வழியே குமிழி எழும்படி ஒலியெழுப்புங்கள். குரல்நாண்கள் அதிகம் மோதிக்கொள்ளாமல் தயாராகும். ஆவி பிடிக்க வெறும் தண்ணீரே போதும். இந்த மலையில் நீலகிரித் தைலம் இல்லாத வீடு அரிது என்றாலும், அதன் குளிர்ச்சி தொண்டையின் எரிச்சலை மறைத்துவிடக்கூடும். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டி அதனருகே பாடுவது குரலுக்கு மட்டுமன்றி உயிருக்கும் ஆபத்து.

குளியலறை எதிரொலி யாரையும் பெரும்பாடகராக்கிவிடும். தேயிலைச் சரிவிலோ ஒலி திரும்பி வராததால் தொண்டையை வருத்தத் தோன்றும். ஓரளவு சாமான்கள் உள்ள நடுக்கூடமே சிறந்தது. சுவரைப் பகிரும் லைன் வீட்டில் இருப்பவர்கள், முழுக்குரலில் பாடும் நேரத்தை அக்கம்பக்கத்தாரிடம் முன்பே சொல்லிவைத்து, அதை இருபது நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். மிச்ச நேரத்தில் இத்தாலிய வரிகளைத் தாளத்தோடு பேசிப் பார்ப்பதும் மனப்பாடம் செய்வதும் குறைந்த பயிற்சியல்ல.

இணைய வகுப்பில் ஒலி தாமதமாகச் செல்வதால், ஆசிரியை அங்கே பியானோ வாசிக்க நீங்கள் இங்கே பாடுவது ஒத்துவராது. பியானோ இசையை அவரிடம் முன்கூட்டியே பதிவாக வாங்கி, உங்கள் அறையிலேயே வேறொரு கருவியில் ஒலிக்கவிட்டுப் பாடுங்கள். ஜூம் செயலியில் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை இயக்காவிட்டால், நீண்ட சுரத்தை இரைச்சல் என்று எண்ணி அது வெட்டிவிடக்கூடும். கைபேசியை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். வாயருகே வைத்தால் உச்சச் சுரங்கள் சிதையும்.

வீட்டில் கூட்டுப்பாடல் வேண்டாம்: 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடற்குழுவின் ஒத்திகைக்கு வந்த 61 பேரில் 53 பேர் கொரோனாவால் நோயுற்றனர். தொற்று கண்டவர் இருமல் அடங்கும் வரை பாடாமல் இருந்து, பிறகு ஐந்து நிமிட முணுமுணுப்பில் தொடங்கலாம். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாண்களைக் காட்டிய பின்னரே முழுக்குரலுக்குத் திரும்ப வேண்டும்.